நீதிபதியின் நாற்காலியும் நாட்டின் சிக்கல்களும்

ஒரு நாடு தன் பெருஞ்சிக்கலை யாரிடம் கொண்டுசென்று தீர்த்துக்கொள்ள வேண்டும்? மக்கள் தேர்ந்தெடுத்த மன்றத்திடமா, சட்டம் கற்ற ஒன்பது பேரிடமா? அமெரிக்க ஐக்கிய நாடுகளின் வரலாற்றில் மீண்டும் மீண்டும் எழுந்துள்ள கேள்வி இது. அந்நாட்டு உச்ச நீதிமன்றத்திற்கு ஒரு நீதிபதி நியமிக்கப்படும்போது பொதுத் தேர்தலுக்கு ஒப்பான பரபரப்பு எழுவதற்கும் இக்கேள்வியே காரணம்.

அந்நாட்டுப் பழமைவாதிகள் இதற்கு ஒரு விடை வைத்திருக்கின்றனர். நீதிபதியின் பணி, எழுதப்பட்ட சட்டத்திற்குப் பொருள் சொல்வது. நாட்டின் கொள்கைச் சிக்கல்களைத் தீர்ப்பது அவர் பணியன்று. ஆகவே தம் வரம்பை அறிந்தவரையே அந்த இருக்கையில் அமர்த்த வேண்டும். இதுவே அவர்களது நிலைப்பாடு. இதில் உண்மை எவ்வளவு? இதைச் சொன்னவர்கள் தம் சொல்லுக்கு எவ்வளவு உண்மையாய் இருந்தனர்? இவற்றை வரலாற்றின் ஒளியில் காண்பது பயனுடையது. இவ்வரலாற்றின் முதன்மை மாந்தருள் பலர் கத்தோலிக்கர் என்பதால், நமக்கு இதில் தனி அக்கறையும் உண்டு.

வாழ்நாள் பதவி

அமெரிக்க அரசியல் சாசனம் 1787இல் வரையப்பட்டது. அதன்படி உச்ச நீதிமன்ற நீதிபதிகளைக் குடியரசுத் தலைவர் முன்மொழிவார். செனட் சபை இசைவளித்தால் அவர்கள் பதவி ஏற்பர். நம் நாட்டில் உச்ச நீதிமன்ற நீதிபதிகள் 65 வயதில் ஓய்வு பெறுகின்றனர். அங்கோ நன்னடத்தை உள்ளவரை பதவி உண்டு. நடைமுறையில் அது வாழ்நாள் பதவியே.

இத்தகைய பெரும் பாதுகாப்பை ஏன் அளித்தனர்? சாசனத்தை ஆதரித்து எழுதியவருள் ஒருவரான அலெக்சாண்டர் ஹாமில்டன் 1788இல் இதற்குக் காரணம் கூறினார். அரசின் முப்பிரிவுகளில் நீதித்துறையே தீங்கிழைக்கும் ஆற்றல் குறைந்தது. அதன் கையில் வாளும் இல்லை, பணப்பையும் இல்லை. தீர்ப்பு ஒன்றே அதன் உடைமை என்பது அவர் வாதம். வலுவற்றதைக் காக்கவே வாழ்நாள் பதவி என்றார். ஆயினும் 1803இல் தலைமை நீதியரசர் ஜான் மார்ஷல், சாசனத்திற்கு முரணான சட்டத்தைச் செல்லாதென அறிவிப்பது நீதிமன்றத்தின் கடமை என்று தீர்ப்பளித்தார். வாளும் பணமும் இல்லாத மன்றத்திற்கு, அவ்விரண்டையும் கட்டுப்படுத்தும் சொல் கிடைத்துவிட்டது.

அந்தச் சொல்லை எதற்குப் பயன்படுத்துவது என்பதில்தான் சோதனை தொடங்கியது.

டானி அளித்த தீர்ப்பு

1836இல் ராஜர் டானி தலைமை நீதியரசரானார். மேரிலாந்து மாநிலத்தவரான இவரே அந்நாட்டு உச்ச நீதிமன்றத்தில் அமர்ந்த முதல் கத்தோலிக்கர். கொடியவர் என்று எளிதில் ஒதுக்கிவிடத்தக்க மனிதர் அல்லர். தமக்கு உரிமையாயிருந்த அடிமைகளை விடுவித்தவர். அடிமை முறையைக் கண்டித்துப் பேசியதற்காக வழக்கில் சிக்கிய மெதடிஸ்ட் போதகர் ஒருவருக்காக 1819இல் வாதாடியபோது, அம்முறை நாட்டின் பெயருக்கு ஒரு கறை என்றும் கூறியவர்.

அந்நாளில் அடிமை முறை அமெரிக்காவை இரண்டாகப் பிளந்துகொண்டிருந்தது. புதிதாகக் குடியேறிய மேற்குப் பகுதிகளில் அதை அனுமதிப்பதா, தடுப்பதா என்பதே பெரும் பூசல். 1820இல் காங்கிரஸ் ஓர் எல்லைக்கோடு வகுத்து உடன்பாடு கண்டது. 1854இல் அவ்வுடன்பாடு கைவிடப்பட்டது. கான்சஸ் மண்ணில் இரத்தம் சிந்தியது. அரசியல்வாதிகள் களைத்தனர். இனி நீதிமன்றமே இதைத் தீர்க்கட்டும் என்ற எண்ணம் பலர் உள்ளத்தில் எழுந்தது.

அவ்வேளையில் டிரெட் ஸ்காட் என்ற அடிமையின் வழக்கு வந்து சேர்ந்தது. அவருடைய எசமானரான இராணுவ மருத்துவர், அடிமை முறை தடை செய்யப்பட்ட இடங்களில் அவரை வைத்திருந்தார். அம்மண்ணில் வாழ்ந்ததால் தாமும் தம் குடும்பமும் விடுதலை பெற்றோம் என்று கூறி, அவரும் அவர் மனைவி ஹாரியட்டும் 1846இல் செயிண்ட் லூயி நகரில் வழக்குத் தொடுத்தனர். அது படிப்படியாக உச்ச நீதிமன்றத்தை எட்டியது.

1857 மார்ச் 4ஆம் நாள் ஜேம்ஸ் புக்கானன் குடியரசுத் தலைவராகப் பதவியேற்றார். அடிமை முறைப் பூசலை உச்ச நீதிமன்றம் விரைவில் தீர்த்து வைக்கும்; அதன் முடிவு எதுவாயினும் மனமுவந்து பணிவேன் என்று பதவியேற்பு உரையில் கூறினார். நடுநிலையாளரின் பேச்சாக அது ஒலித்தது. ஆனால் நீதிபதிகளுள் சிலருடன் அவர் முன்பே மறைவாகக் கடிதத் தொடர்பு கொண்டிருந்தார். முடிவு எப்படி வரும் என்பதை அறிந்தே பேசினார்.

இரண்டே நாளில், மார்ச் 6ஆம் நாள், தீர்ப்பு வந்தது. கறுப்பின மக்கள் அமெரிக்கக் குடிமக்கள் ஆக முடியாது. ஆகவே ஸ்காட் வழக்குத் தொடுக்கவே உரிமையற்றவர் என்றார் டானி. அத்துடன் நில்லாமல், புதிய பகுதிகளில் அடிமை முறையைத் தடுக்கும் அதிகாரம் காங்கிரசுக்கு இல்லை என்றும் கூறினார். எழுவர் ஒருபுறம், இருவர் மறுபுறம்.

இங்கே கருதத்தக்க ஒன்று உண்டு. சாசனம் எழுதப்பட்ட நாளில் அதற்கிருந்த பொருளைத்தான் சொல்கிறேன் என்றே டானியும் கூறினார். மாறுபட்ட தீர்ப்பு எழுதிய பெஞ்சமின் கர்ட்டிஸ், அந்தப் பொருள் பொய்யென்று சான்றுகளுடன் காட்டினார். நாடு உருவான காலத்தில் ஐந்து மாநிலங்களில் விடுதலை பெற்ற கறுப்பினத்தார் வாக்குரிமை பெற்றிருந்தனரே, அவர்கள் எப்படிக் குடிமக்கள் அல்லாதவர் ஆவர் என்று கேட்டார். சட்டத்தின் சொல்லை விட்டுத் தம் கருத்தைச் சட்டமாக்கும் நீதிபதிகள், சாசனத்தின் ஆட்சியை அகற்றித் தனி மனிதர் ஆட்சியை நிறுவுகின்றனர் என்பதே அவர் எச்சரிக்கையின் சாரம். அதே ஆண்டில் கர்ட்டிஸ் பதவி விலகினார்.

டானி விரும்பியது அமைதி, விளைந்தது போர். தீர்ப்பு பூசலை ஆற்றவில்லை; சமரசத்திற்கு எஞ்சியிருந்த வழியையும் அடைத்துவிட்டது. 1861 மார்ச் 4ஆம் நாள் ஆபிரகாம் லிங்கன் பதவியேற்றபோது அவருக்கு உறுதிமொழி செய்வித்தவர், 84 வயதை நெருங்கிக்கொண்டிருந்த அதே டானிதான். அவர் அருகிலிருக்கவே லிங்கன் பேசினார்: ஒரு வழக்கில் வந்த தீர்ப்பு அவ்வழக்காளரைக் கட்டுப்படுத்தும், ஆயின் முழு நாட்டையும் தொடும் கொள்கை ஒரு வழக்கின் தீர்ப்பால் என்றென்றைக்கும் முடிவாகிவிடுமெனில், மக்கள் தம்மைத் தாமே ஆள்வோராய் இருப்பது ஒழிந்துபோகும். இதுவே அவர் கருத்து. அடுத்த நான்கு ஆண்டுகளில் ஆறு இலட்சத்திற்கும் மேற்பட்ட உயிர்கள் போரில் மாய்ந்தன. டானியின் தீர்ப்பை 1865, 1868 ஆண்டுகளின் சாசனத் திருத்தங்கள் துடைத்தெறிந்தன.

அடக்கத்தை வேண்டியோர் இடம் மாறிய கதை

நீதிமன்றம் தன் வரம்பில் நிற்க வேண்டும் என்பது என்றும் பழமைவாதிகளின் முழக்கமாகவே இருந்தது என எண்ணிவிடலாகாது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அம்முழக்கம் எதிர்த் தரப்பினருடையதாய் இருந்தது.

1905இல் லாக்னர் வழக்கு. ரொட்டி சுடும் தொழிலாளர் நாளொன்றுக்குப் பத்து மணி நேரத்திற்கு மேல் உழைக்கலாகாது என்று நியூயார்க் மாநிலம் சட்டம் இயற்றியது. உச்ச நீதிமன்றம் ஐவருக்கு நால்வர் என்ற கணக்கில் அதைத் தள்ளுபடி செய்தது. தொழிலாளி விரும்பினால் கூடுதலாக உழைக்க ஒப்பந்தம் செய்துகொள்ளும் உரிமையை அச்சட்டம் பறிக்கிறதாம்! குறிப்பிட்ட எந்தப் பொருளாதாரக் கொள்கையையும் சாசனம் நாட்டின்மேல் சுமத்தவில்லை என்று ஆலிவர் வெண்டல் ஹோம்ஸ் மாறுபட்டு எழுதினார். 1918இல் சிறுவர் உழைப்பைக் கட்டுப்படுத்தக் காங்கிரஸ் இயற்றிய சட்டமும், 1923இல் தலைநகரில் பெண்களுக்குக் குறைந்த அளவு ஊதியத்தை உறுதி செய்த சட்டமும் அவ்வாறே வீழ்த்தப்பட்டன.

திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர் 1891இல் தொழிலாளர் நிலை பற்றிய சுற்றுமடலில், குடும்பம் வாழப் போதிய ஊதியம் நீதியின் கோரிக்கை என்று அறிவித்திருந்தார். அதன் அடிப்படையில் ஜான் ரயன் என்ற அமெரிக்கக் குரு 1906இல் வாழ்வதற்குரிய ஊதியம் பற்றி நூல் எழுதி, அதைச் சட்டமாக்கப் பாடுபட்டார். அவரைப் போன்றோர் சட்டமன்றங்களில் வாதாடிப் பெற்றவற்றை நீதிபதிகள் தம் பேனாவால் அடித்தனர்.

1935, 1936 ஆண்டுகளில் பிராங்ளின் ரூசுவெல்ட்டின் பொருளாதார மீட்புத் திட்டங்கள் பல வீழ்ந்தபோது அவர் சினம் கொண்டார். எழுபது வயதைக் கடந்தும் விலகாத ஒவ்வொரு நீதிபதிக்கும் ஈடாக ஒருவராக, ஆறு பேர் வரை கூடுதலாக நியமிக்கும் திட்டத்தை 1937இல் முன்வைத்தார். அவர் கட்சியினரே பெரும்பான்மையாய் இருந்த செனட் சபை அதை ஏற்க மறுத்தது. ஆனால் அதே ஆண்டில், விடுதிப் பணிப்பெண் ஒருவரின் வழக்கில், குறைந்த அளவு ஊதியச் சட்டம் செல்லும் என்று நீதிமன்றம் தானே தன் நிலையை மாற்றிக்கொண்டது.

இவ்வரலாறு கற்பிப்பது என்ன? நீதிமன்றத்தின் பேராசை ஒரு தரப்பின் நோயன்று. அதிகாரம் தம்மிடம் உள்ளபோது அதை விரிப்பதும், பிறரிடம் உள்ளபோது வரம்பு பேசுவதும் மனித இயல்பு.

இடறும் கல்

நீதிபதி ஒதுங்கி நிற்க வேண்டும் என்ற கொள்கைக்கு ஓர் இடறுகல் உண்டு. அது 1954ஆம் ஆண்டின் பிரௌன் வழக்கு. பொதுப் பள்ளிகளில் வெள்ளையரையும் கறுப்பினத்தாரையும் பிரித்து வைப்பது சாசனத்திற்கு முரண் என்று, தலைமை நீதியரசர் எர்ல் வாரனின் கீழ் ஒன்பதின்மரும் ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். தென்மாநிலங்களைச் சார்ந்த ஏறத்தாழ நூறு காங்கிரஸ் உறுப்பினர்கள் 1956இல் எதிர்ப்பு அறிக்கை விடுத்தனர். நீதிமன்றம் தன் வரம்பை மீறிவிட்டது. இது மாநிலங்களின் கொள்கை என்பதே அவர்கள் வாதம். நல்ல கொள்கை ஒன்று தீய நோக்கத்திற்குப் போர்வையாகவும் அமையும் என்பதை இதனினும் தெளிவாகக் காட்ட இயலாது.

இதற்குப் பழமைவாத அறிஞர் கூறும் மறுமொழி எளிதில் தள்ளத்தக்கதன்று. 1868இன் திருத்தம் எல்லாருக்கும் சட்டத்தின் சமப் பாதுகாப்பை எழுத்தில் உறுதி செய்தது. 1896இல் வேறொரு நீதிமன்றம் அவ்வுறுதியைப் பறித்தது. 1954இன் நீதிமன்றம் புதிய கொள்கை எதையும் படைக்கவில்லை, மக்கள் எழுதி வைத்ததை மீட்டது என்பர். புனித தாமஸ் அக்குவினாஸ் நீதிபதியைப் பற்றி எழுதும்போதும் இவ்விரண்டையும் சேர்த்தே சொல்கிறார். எழுதப்பட்ட சட்டத்தின்படியே தீர்ப்பிட வேண்டும் என்பது பொது விதி. இயற்கை நீதிக்கு முற்றும் முரணானது சட்டமே ஆகாது என்பதும் அவர் போதனையே. அடக்கம் நீதிபதிக்குரிய நற்பண்பு. ஆனால் அது நீதிக்குப் பணிவிடை செய்யும் நற்பண்பு.

பிரௌன் வழக்கில் இன்னொரு பாடமும் அடங்கியுள்ளது. தீர்ப்பு வந்து பத்தாண்டு கழிந்தும் தென்மாநிலங்களில் வெள்ளையருடன் பயின்ற கறுப்பினக் குழந்தைகள் நூற்றுக்கு இருவர்கூட இல்லை. 1964இல் காங்கிரஸ் குடியுரிமைச் சட்டம் இயற்றிய பின்னரே கதவுகள் உண்மையில் திறந்தன. ஹாமில்டன் சொன்னதுபோல், நீதிமன்றத்திடம் வாள் இல்லை. மாறாக, எந்த நீதிமன்றமும் ஆணையிடாத காலத்திலேயே, 1947இல், செயிண்ட் லூயி பேராயர் ஜோசப் ரிட்டர் தம் மறைமாவட்டப் பள்ளிகளில் நிறப் பிரிவினையை ஒழித்தார். சில பெற்றோர் அதைத் தடுக்க நீதிமன்றம் செல்ல முனைந்தபோது, அவ்வாறு செய்வோர் திருச்சபையினின்று விலக்கம் பெறுவர் என எச்சரித்தார். டிரெட் ஸ்காட் நீதி கேட்டு ஏமாந்த அதே நகரில், தீர்ப்புக்காகக் காத்திராத ஒரு மனச்சான்று செயல்பட்டது.

நியமனம் போர்க்களமானது

1973இல் ரோ எதிர் வேட் வழக்கில், கருக்கலைப்பு செய்துகொள்வது சாசனம் தரும் உரிமை என்று எழுவருக்கு இருவர் என்ற கணக்கில் நீதிமன்றம் அறிவித்தது. மாநிலங்கள் தத்தம் சட்டமன்றங்களில் வாதிட்டுக்கொண்டிருந்த கேள்வியை நாடு முழுமைக்கும் ஒரே வீச்சில் முடித்துவைக்க முயன்ற தீர்ப்பு அது. அதை எழுதிய ஹாரி பிளாக்மன், குடியரசுக் கட்சியின் நிக்சன் நியமித்தவர். உடன்பட்டவருள் ஒருவரான வில்லியம் பிரென்னன் கத்தோலிக்கர். அவரையும் குடியரசுக் கட்சித் தலைவரான ஐசனோவரே நியமித்திருந்தார். மறுத்தவருள் ஒருவரான பைரன் ஒயிட்டோ ஜனநாயகக் கட்சியின் கென்னடி நியமித்தவர். நீதிபதியின் கட்சிச் சார்பு அன்று இவ்வளவு கூர்மையாகக் கோடிடப்படவில்லை.

அதன்பின் பழமைவாதிகள் நியமனத்தின் பக்கம் தம் முழுக் கவனத்தையும் திருப்பினர். 1982இல் சட்ட மாணவர் சிலர் பெடரலிஸ்ட் சொசைட்டி என்ற அமைப்பைத் தொடங்கினர். 1985இல் அரசுத் தலைமை வழக்கறிஞர் எட்வின் மீஸ், சாசனத்தை இயற்றியோரின் கருத்தே நீதிபதிகளுக்கு வழிகாட்ட வேண்டும் என்று உரையாற்றினார். அதே ஆண்டில் இயேசு சபையாரின் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தில் பிரென்னன் அதற்கு மறுமொழி கூறினார். பண்டையோர் உள்ளத்தை நாம் துல்லியமாய் அறிந்துவிட்டோம் என்பது பணிவின் ஆடை அணிந்த செருக்கு என்றார். இருதரப்பு வாதமும் இவ்விரு உரைகளில் முழுமையாய் அடங்கியிருந்தன எனலாம்.

1986இல் அன்டோனின் ஸ்கலியா 98 வாக்குகள் பெற்று, ஒரு எதிர்ப்பு வாக்குகூட இன்றி நியமனம் பெற்றார். அடுத்த ஆண்டிலேயே காற்று மாறியது. ஏறத்தாழ அதே கொள்கையுடைய ராபர்ட் போர்க்கை செனட் சபை 58க்கு 42 என்ற வாக்குகளால் நிராகரித்தது. நாட்டின் கொள்கையை நீதிமன்றம் தீர்மானிக்கிறது எனில், நீதிபதியைத் தீர்மானிப்பவரே நாட்டைத் தீர்மானிப்பார் என்பதை இரு கட்சிகளும் உணர்ந்துவிட்டன. அன்று முதல் ஒவ்வொரு நியமனமும் ஒரு போரே.

1992இல் பெருஞ்சோதனை வந்தது. ஒன்பது நீதிபதிகளுள் எண்மர் குடியரசுக் கட்சித் தலைவர்களால் நியமிக்கப்பட்டவர். ரோ தீர்ப்பு வீழும் என்று எங்கும் எதிர்பார்த்தனர். ஆயின் ஜூன் 29ஆம் நாள் கேசி வழக்கில் ஐவர் அதன் அடிப்படையைக் காத்தனர். அவர்களுள் மூவர் இணைந்து எழுதிய தீர்ப்பில் பங்கு கொண்ட அந்தோணி கென்னடி, கத்தோலிக்கர். போர்க்கின் இடத்திற்கு வந்தவர். நாட்டைப் பிளக்கும் பூசலில் இருதரப்பாரும் தம் பிரிவினையை முடித்துக்கொள்ளுமாறு நீதிமன்றம் அழைக்கிறது என்று அம்மூவரும் எழுதினர்.

அவ்வழைப்பு ஸ்கலியாவின் செவியில் புக்கானனின் குரலாக ஒலித்திருக்க வேண்டும். தம் மாறுபட்ட தீர்ப்பின் இறுதியில் அவர் ஓர் ஓவியத்தை நினைவூட்டினார். ஹார்வர்டு சட்டக் கல்லூரியில் இருந்த அந்த ஓவியம், 1859இல் இமானுவேல் லாய்ட்சே தீட்டியது. கறுப்பு ஆடையில், சிவப்பு நாற்காலியில் அமர்ந்திருக்கிறார் முதியவர் டானி. ஒரு கை உயிரற்றதுபோல் தொங்குகிறது. கண்களில் ஆழ்ந்த துயரமும் ஏமாற்றமும். தம் தீர்ப்பு நாட்டுக்கு அமைதி தரும் என நம்பியவரின் முகம் அது. நீதிமன்றம் தனக்கு உரிமையில்லாத இக்களத்தை விட்டு வெளியேற வேண்டும். அங்கு நிற்பதால் அதற்கும் நன்மையில்லை, நாட்டுக்கும் நன்மையில்லை என்று ஸ்கலியா முடித்தார். ஒரு கத்தோலிக்க நீதிபதி, தம் மன்றத்தின் முதல் கத்தோலிக்க நீதிபதியின் வீழ்ச்சியை உடன் கத்தோலிக்க நீதிபதிக்கு எச்சரிக்கையாய்க் காட்டிய காட்சி அது.

ஸ்கலியாவைப் பற்றி நம்மவருள் ஒரு தவறான எண்ணம் உண்டு. அவர் திருச்சபையின் போதனையை நீதிமன்றத்தில் நிலைநாட்ட முயன்றார் எனச் சிலர் கருதுவர். அவர் கூறியதோ வேறு. சாசனம் கருக்கலைப்பை உரிமையாக்கவும் இல்லை, தடை செய்யவும் இல்லை. அனுமதிப்பதும் தடுப்பதும் மக்களின் பொறுப்பு என்பதே அவர் நிலைப்பாடு. 1989இல் நாட்டுக் கொடியை எரித்தவனுக்கு ஆதரவாகவும் தீர்ப்பில் ஒப்பமிட்டார். அச்செயலை அவர் அருவருத்தார், ஆயினும் சாசனம் அவனைக் காக்கிறது என்றார். தம் விருப்பத்திற்கு எதிராகத் தீர்ப்பளிக்கும் துணிவே ஒரு நீதிபதியின் கொள்கைக்கு உரைகல்.

வென்றவர்களின் சோதனை

2016 பிப்ரவரியில் ஸ்கலியா இறந்தார். குடியரசுத் தலைவர் ஒபாமா மெரிக் கார்லண்டை முன்மொழிந்தார். தேர்தல் ஆண்டில் மக்களே முடிவு செய்யட்டும் என்று கூறி, குடியரசுக் கட்சியினரின் செனட் சபை அவரை விசாரணைக்கே அழைக்கவில்லை. நியமன விதிகளைத் தளர்த்தும் வேலையை 2013இல் ஜனநாயகக் கட்சியினர் கீழ் நீதிமன்றங்களுக்காகத் தொடங்கியிருந்தனர். 2017இல் குடியரசுக் கட்சியினர் அதை உச்ச நீதிமன்றத்திற்கும் நீட்டினர். டிரம்பின் முதல் ஆட்சிக் காலத்தில் கோர்சச், கவனா, பாரெட் என மூவர் அமர்ந்தனர். பாரெட்டின் நியமனம் 2020 தேர்தலுக்கு எட்டு நாள்களுக்கு முன் 52க்கு 48 என்ற வாக்குகளில் முடிந்தது. 2016இல் மக்கள் முடிவு செய்யட்டும் என்றவர்கள் 2020இல் அதை மறந்தனர்.

பாரெட் பதவியேற்றபோது ஒன்பதின்மரில் அறுவர் கத்தோலிக்கர். 2022 ஜூன் 24ஆம் நாள் டாப்ஸ் வழக்கில் ரோ, கேசி இரண்டும் வீழ்ந்தன. கேள்வி மக்களிடமும் அவர்தம் பிரதிநிதிகளிடமும் திருப்பி அளிக்கப்படுகிறது என்று சாமுவேல் அலிட்டோ எழுதினார். மாறுபட்ட மூவருள் ஒருவரான சோனியா சோட்டோமேயரும் கத்தோலிக்கரே.

முப்பது ஆண்டுகளுக்கு முன் ஸ்கலியா கேட்டது நிறைவேறிற்று. ஆயின் அதே நீதிமன்றம் எல்லாக் களங்களிலிருந்தும் வெளியேறியதா? அதற்கு முந்தைய நாள்தான் துப்பாக்கி ஏந்திச் செல்வதற்கு நூறாண்டுக்கு மேலாகக் கட்டுப்பாடு விதித்திருந்த நியூயார்க் சட்டத்தை அது வீழ்த்தியது. 2013இல், காங்கிரஸ் பெரும் ஒற்றுமையுடன் 2006இல் புதுப்பித்த வாக்குரிமைச் சட்டத்தின் முக்கிய பகுதியைச் செயலிழக்கச் செய்திருந்தது. இவை சாசனத்தின் எழுத்திலேயே உள்ள உரிமைகள், வரம்புகள் என்று அதன் ஆதரவாளர் கூறுவர். அவ்வாதத்தில் பொருள் உண்டு. எனினும், மக்கள் மன்றம் இயற்றியதை ஐவரோ அறுவரோ அடித்தெறியும் ஒவ்வொரு முறையும், டானியின் ஓவியத்தை இத்தரப்பாரும் ஒரு கணம் நோக்குவது நலம்.

சுமை நம் தோளுக்கு

டாப்ஸ் தீர்ப்புக்குப் பின் நிகழ்ந்தவை நமக்கு இன்னும் நெருக்கமான பாடம். பன்னிரண்டுக்கும் மேற்பட்ட மாநிலங்கள் கருக்கலைப்பைப் பெரும்பாலும் தடை செய்தன. ஆனால் மக்கள் நேரடியாக வாக்களித்த இடங்களில் நிலைமை வேறு. 2022 ஆகஸ்டில் பழமைவாதிகளின் கோட்டையெனக் கருதப்பட்ட கான்சசில், சாசனத்தில் கருக்கலைப்புக்கு உரிமை இல்லை என எழுத முனைந்த திருத்தத்தை ஏறத்தாழ 59 விழுக்காட்டினர் நிராகரித்தனர். 2023 நவம்பரில் ஒகையோ மாநில மக்கள் அதை உரிமையாகவே எழுதினர். 2024இல் புளோரிடாவில் 57 விழுக்காட்டினர் உரிமையை ஆதரித்தும், 60 விழுக்காடு தேவை என்ற விதியால் மட்டுமே அம்முயற்சி தோற்றது.

ஐம்பது ஆண்டுக் காலம் நீதிபதிகளின் நியமனத்திற்காக உழைத்த பற்றுறுதியுள்ள மக்கள், தம் பக்கத்து வீட்டாரின் உள்ளத்தை வெல்லவில்லை என்பதை இவ்வாக்குகள் காட்டின. பிறவாத குழந்தையின் உயிர் புனிதமானது என்ற நம் போதனை இதனால் சிறிதும் குறையவில்லை. அதை எடுத்துரைக்க வேண்டிய இடம் எது என்பதே தெளிவாகியுள்ளது. தனித்து விடப்பட்ட கருவுற்ற பெண்ணுக்கு உறைவிடமும் ஊதியமும் உறவும் தரும் சமூகம் உருவாகாதவரை, சட்டத்தின் சொல் காற்றில் எழுதிய எழுத்தாகவே நிற்கும்.

நீதிபதி நாட்டின் சிக்கல்களைத் தீர்க்க முயலலாகாது என்ற பழமைவாதக் கொள்கையை வரலாறு பெரிதும் உறுதி செய்கிறது. ஆயின் அக்கொள்கை நீதிபதிக்கு மட்டும் உரிய அறிவுரையன்று. அவர் விலகி நின்றால் அந்தச் சுமை வேறெங்கும் போவதில்லை. குடிமக்களின் தோளில் வந்து அமர்கிறது. பொறுமையுடன் பேசி, எதிரியின் நியாயத்தையும் கேட்டு, தோற்றாலும் மீண்டும் எழுந்து இணங்க வைக்கும் பணி அது. நீதிமன்றத்தில் பெறும் வெற்றியைவிடக் கடினமானது; அதனினும் நிலையானது. தங்களுக்கு நீதி வழங்க ஓர் அரசனை ஏற்படுத்தித் தருமாறு இஸ்ராயேல் மக்கள் சாமுவேலிடம் வேண்டியதை நாம் விவிலியத்தில் படிக்கிறோம். தம் சுமையைப் பிறர் தோளில் ஏற்றிவிடும் ஆசை அன்றும் இருந்தது.

டிரெட் ஸ்காட், தீர்ப்பு வந்த சில வாரங்களில் பழைய நண்பர் குடும்பத்தாரால் விடுதலை பெற்றார், 1858இல் காலமானார். அவர் உடல் பின்னர் செயிண்ட் லூயி நகரின் கல்வாரி என்னும் கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்திற்கு மாற்றப்பட்டு அங்கே துயில்கிறது. டானியும் மேரிலாந்தின் பிரடெரிக் நகரில், புனித அருளப்பர் ஆலயக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டார். மேரிலாந்து அரசு மாளிகைமுன் இருந்த டானியின் சிலை 2017இல் அகற்றப்பட்டது. குடிமகனே அல்லன் என்று தீர்ப்பிடப்பட்டவரின் கல்லறையை நாடி இன்றும் மக்கள் வருகின்றனர். இறுதித் தீர்ப்பு வழங்குபவர் ஒருவரே; அவ்விருக்கைக்கு மனிதர் எவரும் நியமிக்கப்படுவதில்லை.